மேல் சிகிச்சை என்றால் எந்த வாசல்?

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி. பீடி சுற்றுகிறவள். பேர் வேண்டாம். பேரைச் சொன்னால் ஊரே அவள் வயிற்றைப் பற்றிப் பேசும், ஏற்கெனவே பேசியது போதும். 2022-ல் அவளுக்கு இரண்டாவது பேறு. 20 வாரம் 4 நாளில் எடுத்த ஸ்கேன் காகிதத்தை மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. கேட்டா ‘மேல கொண்டு போய்க் காட்டு’ன்னு சொல்லிட்டாவ. மேலன்னா எங்கக்கா?"

தோழர்களே, அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடி எழுதுவதுதான்.

நான் டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றுபோனது. இருபது வருசமாக அம்பாசமுத்திரம் வட்டாரத்துச் சேரிப் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருகிறவள். இயக்கத்தில் எனக்கு வேறு பொறுப்புகள் உண்டு, ஆனால் பெண்கள் என்னைத் தேடி வருவது இந்த ஒரு சோலிக்குத்தான். என் ஆச்சி பேறு பார்த்தவள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள். கொடி சுற்றிய பிள்ளையையும் கால் முந்தி வந்த பிள்ளையையும் பார்த்தவள். தன்னால் ஆகாது என்று தெரிந்தால் வண்டி பூட்டச் சொல்லி, "இன்ன டாக்டரம்மாகிட்ட போ, நான் சொன்னேன்னு சொல்லு" என்று ஆளைச் சொல்லி அனுப்புவாள். எழுத்தறியாத கிழவி. யாரிடம் அனுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தங்கச்சியின் ரிப்போர்ட்டில் இங்கிலீஷில் இரண்டு வரி. குழந்தையின் இதயத்தின் நாலு அறையும் சரியாகத் தெரியவில்லை, பனிக்குட நீர் கொஞ்சம் கூடுதல். ரெண்டும் சேர்ந்து வந்தால் பார்த்தே ஆக வேண்டிய விசயம். அதன் கீழே அனுப்பி வைத்தவர் கையால் எழுதியது: ‘மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது’. எந்தப் பிரிவு, எந்த நாள், எவ்வளவு அவசரம், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கடிதத்தில் விலாசம் எழுதாமல் ‘மேற்கே’ என்று மட்டும் எழுதித் தபால்பெட்டியில் போட்டால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஒரு பெண்ணைத் தபாலில் போட்டிருக்கிறார்கள்.

போனோம். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரு கிளார்க்கையோ ஒரு நர்சம்மாவையோ மாற்றல் பண்ணிவிட்டு ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை. இப்படி நடக்காத ஆஸ்பத்திரி தமிழ்நாட்டில் எத்தனை இருக்கிறது என்று வாசிக்கிற நீங்களே உங்கள் ஊரில் வைத்து எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஓ.பி. சீட்டு வாங்கி மகப்பேறு பிரிவில் நின்றோம். ஸ்கேனைத் திரும்ப எடுக்கணும் என்றார்கள், ஒன்பது நாள் கழித்துத் தேதி. ஒன்பது நாள் கழித்து எடுத்தது. ரிப்போர்ட் வாங்க மறுபடி ஒரு நாள். அதை வாங்கிப் பார்த்தவர் "இது குழந்தை சமாச்சாரம், குழந்தைகள் பிரிவுக்குப் போங்க" என்றார். அங்கே போனால், "இங்க எதுக்கும்மா வந்த? பிள்ளை பொறக்கட்டும், அப்புறம் கொண்டா." பிறகு யாரோ வராந்தாவில் நின்றவர் சொல்லி இதய நோய்ப் பிரிவுக்குப் போனோம். அந்த ஓ.பி. அன்றைக்கு இல்லை, வாரத்தில் வேறொரு நாள். அந்த நாளில் போனால் டோக்கன் கொடுக்கிறவர் இவள் நெஞ்சைப் பார்த்துக் கேட்கிறார், "உனக்கு என்ன செய்யுது? மூச்சு வாங்குதா?" எனக்கு இல்லைங்க, பிள்ளைக்கு. "பிள்ளை எங்க?" வயித்துல. அவர் சிரித்தார். மோசமான ஆள் இல்லை அவர். அவருக்கும் அப்படி ஒரு கேஸ் எங்கே போகணும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

வயிற்றில் இருக்கிற பிள்ளை எந்த டிபார்ட்மெண்டையும் சேர்ந்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தாயைப் பார்க்கிறவர்கள் ‘பிள்ளைக்குப் பிரச்சினை’ என்கிறார்கள். பிள்ளையைப் பார்க்கிறவர்கள் ‘இன்னும் தாய்க்குள்ள இருக்கு’ என்கிறார்கள். நடுவில் வராந்தா. அந்த வராந்தாதான் எங்கள் பெண்களின் டிபார்ட்மெண்டு.

கடைசியில் கருவின் இதயத்துக்கு என்றே எடுக்கிற எக்கோவை வெளியே காசு கொடுத்து எடுத்தோம். காசு புரட்ட பத்து நாள் ஆனது. அந்தக் காகிதம் கைக்கு வந்தபோது 25 வாரம் 1 நாள். முதல் ஸ்கேனில் இருந்து 32 நாள், ஏழு நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் பீடிச் சுற்று போச்சு, புருசனுக்கு ஒரு நாள் கூலி போச்சு, மூத்த பிள்ளையை யார் வீட்டிலாவது விட்டுவிட்டு வரணும். அங்கே ஒருத்தர் கணக்குப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "24 வாரம் தாண்டிட்டு. இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

அது பொய் என்று அவருக்கே தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? கருக்கலைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. அதில் எல்லை 20 வாரம். பிள்ளையின் உடம்பை முழுசாகப் பார்க்கிற ஸ்கேன் எடுப்பதே 18 வாரத்தில் இருந்து 20 வாரத்துக்குள்தான். குறை தெரிகிற நாளும் கதவு மூடுகிற நாளும் ஒரே நாள் என்று ஐம்பது வருசம் ஒரு சட்டம் இருந்தது. 2008-ல் மும்பையில் நிகேதா மேத்தா என்ற பெண், 20 வாரம் கடந்த பிறகு கருவின் இதயத்தில் அடைப்பு இருப்பது தெரிந்து, தன் மருத்துவர் நிகில் தாத்தாரோடு சேர்ந்து உயர்நீதிமன்றம் போனார். நீதிமன்றம் மறுத்துவிட்டது. சில நாளில் கரு தானாகவே கலைந்தது. அந்த வழக்கு கிளப்பிய விவாதம் சட்டமாக மாற 13 வருசம் பிடித்தது. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20-ல் இருந்து 24 வாரம் வரை, விதிகளில் சொன்ன பெண்களுக்கு, இரண்டு டாக்டர்களின் கருத்து. கருவில் பெரிய குறைபாடு என்று மருத்துவ வாரியம் கண்டால் 24 வாரத்துக்குப் பிறகும் வழி உண்டு. அந்த வாரியத்தில் மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் நிபுணர் இருக்க வேண்டும். விண்ணப்பம் வந்து மூன்று நாளில் முடிவு சொல்ல வேண்டும். வாரியம் சம்மதித்தால், விண்ணப்பம் வந்த ஐந்து நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும். உச்சநீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று, கல்யாணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை என்று சொன்னது.

மூன்று நாள், ஐந்து நாள். எங்கள் தங்கச்சிக்கு 32 நாள். சட்டம் இருக்கிறது, வாரியமும் இருக்கிறது, ‘வாரியத்துக்கு எழுதிக் கொடு’ என்று சொல்கிற வாய்தான் இல்லை.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அவள் கலைக்க வேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. "எனக்கு என்னன்னு தெரியணும்க்கா, அம்புட்டுதான். தெரிஞ்சா மனசைத் தேத்திக்கிடுவேன்" என்றாள். ஸ்கேனில் ஒரு சந்தேகம் என்றதும் ‘எடுத்துரு’ என்று சொல்கிறவர்கள் ஒரு பக்கம், ‘சாமி கொடுத்தது, பெத்துரு’ என்று சொல்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் அவளிடம் கேட்பதில்லை. உதடு பிளந்திருப்பதும், பாதம் உள்ளே மடங்கியிருப்பதும் பிறந்தபின் சரிசெய்யக்கூடியவை. ரிப்போர்ட்டில் வருகிற சின்னச் சின்ன அறிகுறிகள் சில, இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, மூளையில் ஒரு நீர்க்கட்டி என்று எழுதியிருப்பார்கள், தனியாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் இல்லாமல் போய்விடும். அதை விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல், பயத்தில், நல்ல பிள்ளையை இழந்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம், மண்டை ஓடே வளராத பிள்ளையை ஒன்பது மாசம் சுமந்து பெற்று, அரை நாளில் புதைத்தவர்களையும் தெரியும். அவர்களுக்கு ஒருவரும் நேரத்தோடு சொல்லவில்லை. சரியான பிரிவுக்கு அனுப்புவது என்பது கலைப்பதற்கான வழியும் இல்லை, பெறுவதற்கான வழியும் இல்லை. தெரிந்துகொண்டு முடிவெடுப்பதற்கான வழி.

இதில் பாபாசாகேப் எங்கே வருகிறார் என்று கேட்கிற மாணவத் தோழர்களுக்கு: 1928-ல் பம்பாய் சட்டசபையில் ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கான பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அவர். பேறுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டுக்கே நல்லது, அதன் செலவை அரசும் முதலாளியும் ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். 1938-ல் கருத்தடை பற்றி அவர் தயாரித்த உரையை பி.ஜே. ரோகம் சபையில் வாசித்தார். வேண்டாம் என்று ஒரு பெண் நினைத்தால் தடுத்துக்கொள்கிற நிலை அவளுக்கு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கர்ப்பம் ‘பொம்பளைங்க விசயம்’ என்று நம் மேடைகளில் ஒதுக்கப்படுகிறதே, அவர் ஒதுக்கவில்லை.

ஆனால் அரசுக்கு எங்களை எங்கே அனுப்புவது என்று தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1975-77-ல், கருத்தடை ஆபரேசனுக்கு ஆள் பிடிக்க ஜீப்பு சேரி வாசலுக்கே வந்ததை ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்த நாள், எந்த அறை, எந்தக் கட்டில், எவ்வளவு காசு, யார் கையெழுத்து, எல்லாம் எழுதியிருந்தது. இத்தனை பேர் என்று இலக்கு வைத்து அனுப்புகிற முறை 1996 வரை நடந்தது. எங்கள் பெண்களின் கருப்பையை மூடுவதற்கு அத்தனை துல்லியமாக விலாசம் எழுதத் தெரிந்த அதே அலுவலகத்துக்கு, அந்தக் கருப்பைக்குள் இருக்கிற பிள்ளைக்கு என்ன என்று பார்க்க மட்டும் ‘மேல்’ என்ற ஒரு சொல்தான் கிடைக்கிறது.

‘உங்களுக்கு எல்லாத்துலயும் சாதிதானா?’ என்று கேட்பார்கள். சீட்டு போடுகிற இடத்தில் கேளுங்கள். "எந்த ஊரு?" அம்பை. "அம்பையில எங்க?" இன்ன தெரு. "ஓ, காலனியா." அதோடு முடிந்தது. திட்டுவதில்லை, தள்ளுவதில்லை. குரல் ஒரு படி இறங்கும், ‘நீங்க’ ‘நீ’ ஆகும். அடுத்த கேள்வியைக் கேட்கிற தைரியம் பெண்ணுக்குப் போய்விடும். ‘எந்த டிபார்ட்மெண்டுங்க?’ என்று திருப்பிக் கேட்பதற்கு ஒரு நிமிசம் வேண்டும், அந்த ஒரு நிமிசத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆவணத்தில் இருந்து போகும். நாக்கில் இருந்து போக எந்த அரசாணை போடுவது?

கூட வருகிற ஆள் யார் என்பதிலும் இருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு ஸ்கேனில் ஒரு சந்தேகம் என்றால், அதே சாயங்காலம் ஒரு மாமாவுக்குப் போன், அந்த மாமாவுக்குத் தெரிந்த டாக்டர், அந்த டாக்டரின் கூடப் படித்தவர், மறுநாள் காலையில் சரியான அறையில் சரியான நாற்காலி. அவர்களுக்குப் பரிந்துரைச் சீட்டே தேவையில்லை, உறவே சீட்டு. எங்களுக்கு அந்த மாமா கிடையாது. அதனால்தான் எங்களுக்கு எழுத்தில் வேண்டும்.

இந்த வட்டாரத்தின் கிடப்பையும் பாருங்கள். அம்பாசமுத்திரத்தில் இருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அது தரையில் இருப்பவர்களுக்கு. காரையாறு அணைக்கு அப்பால் இஞ்சிக்குழியில் இருக்கிற காணிக்காரப் பெண்ணுக்குக் கணக்கே வேறு. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட் லயன்களில் தலைமுறையாகத் தேயிலை பறித்த எங்கள் சனங்களுக்கு, மணிமுத்தாறு வந்து சேர்வதே ஒரு பயணம். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருசக் குத்தகை வாங்கிய பாம்பே பர்மா கம்பெனி, 2028-க்குக் காத்திராமல் 2024-லேயே கடையைக் கட்டியது. தொழிலாளிகள் மலை இறங்கினார்கள். இறங்கியவர்களுக்கு வீடு எங்கே என்று பேசினோம், பட்டா எங்கே என்று பேசினோம். வயித்துப்பிள்ளையோடு இறங்கியவள் இனி எந்த நர்சம்மாவின் நோட்டில் இருக்கிறாள் என்று யார் கேட்டோம்?

அந்த மலையில் இருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றியும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நான் குறை மட்டுமே சொல்கிறவள் ஆகிவிடுவேன். 2023. வயிற்றில் பிள்ளைக்கு இடது சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சின்ன வயசு டாக்டர். அவர் எழுதிய சீட்டை நான் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் வரியில் மகப்பேறு பிரிவு, ‘கேஸ் இங்கேயே பதிவாக இருக்க வேண்டும்’ என்று. இரண்டாவது வரியில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவின் கருத்து தேவை, ஓ.பி. எந்தக் கிழமை, எந்தக் கட்டிடம், எந்த மாடி. மூன்றாவது வரி, அவசரம் இல்லை, ஆனால் இரண்டு வாரத்துக்குள். நாலாவது, தமிழில்: ‘பெரும்பாலும் தானாகச் சரியாகும், பயப்பட வேண்டாம், 32 வாரத்தில் மறு ஸ்கேன், பிறந்தபின் ஒரு ஸ்கேன்’. கீழே தன்னுடைய போன் நம்பர். அந்தப் பெண் முன்னாலேயே அங்கே போன் போட்டு ‘நாளைக்கு ஒருத்தங்க வருவாங்க’ என்று சொன்னார். போனோம். ஒரே நாளில் இரண்டு பிரிவும் முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்துவிட்டோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வாலாட்டிக்குருவி மாதிரி நடக்கிறான்.

இந்தச் சீட்டுக்கு என்ன செலவு? ஒரு தாள், ஒரு போன், பத்து நிமிசம். புதுக் கட்டிடம் கேட்கவில்லை, புது மெசின் கேட்கவில்லை.

கூட்டிக்கொண்டு போகிற தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன், கேட்டுக் கேட்டு நான் கற்றுக்கொண்டது. என்ன சந்தேகமாக இருந்தாலும் கேஸுக்குச் சொந்தக்காரி மகப்பேறு பிரிவுதான். மற்றவர்கள் கருத்துச் சொல்ல வேண்டியவர்கள். ‘நீ போய் அவரைப் பார்த்துட்டு வா’ என்றால், ‘நீங்க எழுதிக் கொடுங்க, பிரிவு பேரைப் போட்டு’ என்று நில்லுங்கள். சிறுநீரகம், குடல், வயிற்றுச் சுவர், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற திரையில் ஓட்டை, இதெல்லாம் குழந்தைகள் அறுவை சிகிச்சை. இதயம் என்றால் கருவின் இதய எக்கோ, குழந்தை இதய நிபுணர். பெரியவர்களின் இதய ஓ.பி. வரிசையில் போய் நிற்காதீர்கள், நாங்கள் நின்றோம். தலையில் நீர், முதுகுத்தண்டில் பிளவு என்றால் நரம்பு அறுவை சிகிச்சையின் கருத்து வேண்டும். இரண்டு மூன்று உறுப்பில் சேர்ந்து குறை, அல்லது முந்தின பிள்ளைக்கும் இப்படி, அல்லது சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் மரபணு ஆலோசனையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நச்சுக்கொடி கீழே இறங்கிக் கிடக்கிறது என்று வந்தால் அது பிள்ளைக் கேஸே இல்லை, தாயின் உயிர்க் கேஸ். ரத்த வங்கியும் ராத்திரி ஆபரேசன் பண்ண ஆளும் இருக்கிற சீமாங் மையத்தில்தான் பேறு. கொடியில் ரத்த ஓட்டம் குறைவு என்றால் ஓ.பி. வரிசையே கூடாது, நேரே பிரசவ வார்டு. ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால் வண்டிச் செலவு அரசுடையது. 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்சா திட்டத்தில் அது எழுதியிருக்கிறது. பஸ்சுக்குக் காசு இல்லாமல் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்!

இன்னொன்று. ‘ஸ்கேன்ல பாத்ததைச் சொல்லக்கூடாது, சட்டம்’ என்று சில இடங்களில் வாயை மூடுகிறார்கள். 1994-ல் வந்த சட்டம் தடுப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை மட்டும்தான். பெண் சிசுவைக் கொன்ற ஒரு சமூகத்துக்கு அந்தச் சட்டம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிள்ளைக்கு இதயத்தில் என்ன, மூளையில் என்ன என்று தாய்க்குச் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தெரியாதவளிடம் சட்டத்தைக் காட்டி மிரட்டுவது பழைய வழக்கம்.

வயிற்றை ஒலியால் பார்க்கிற இந்த முறையை 1950-களில் கிளாஸ்கோ நகரத்தில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர் தொடங்கினார். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலைகளில் பார்க்கிற கருவிதான் அதற்கு மூலம். விரிசல் தெரிந்தால் அந்த இரும்பை எந்தப் பட்டறைக்கு அனுப்புவது என்று தொழிற்சாலையில் ஒரு ஏற்பாடு இருந்திருக்கும். இங்கிலாந்தில் இன்றைக்கு ஸ்கேனில் சந்தேகம் என்றால் மூன்று வேலை நாளுக்குள் உள்ளூர் நிபுணர், வெளியே அனுப்பினால் ஐந்து வேலை நாளுக்குள் கரு மருத்துவப் பிரிவு என்று அளவு வைத்திருக்கிறார்கள். அது பணக்கார நாடு, சரி. ஆனால் இங்கேயும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேல் பேறுகள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. நாங்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டோம். உள்ளே எந்தப் பக்கம் திரும்புவது என்பதுதான் பாக்கி.

டாக்டர்களை, கிராம சுகாதார செவிலியர்களை நான் எதிரியாக நினைக்கவில்லை. சமவெளியில் 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அந்த ஒரு நர்சம்மாவுக்குத் தடுப்பூசியும் அவள்தான், கணக்கும் அவள்தான். அவளுக்கே ஒரு பட்டியல் யாரும் கொடுக்கவில்லை. எந்தக் குறைக்கு எந்தப் பிரிவு, எந்தக் கிழமை, எந்த நம்பர் என்று ஒரு தாள். அதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், அனுமதி பெற்ற ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும், தமிழில், சுவரில் ஒட்டச் சொல்லித்தான் நாங்கள் மனு எழுதியிருக்கிறோம். பெரிய ஆஸ்பத்திரியில் ‘ஸ்கேன் சந்தேகக் கேஸ்’ என்று வருகிறவளை ஏற்றுக்கொள்ள ஒரே ஒரு மேசை, ஒரே ஒரு ஆள். மூன்று நாளுக்கு மேல் தேதி கொடுத்தால் ஏன் என்று எழுத வேண்டும். மருத்துவ வாரியம் என்று ஒன்று இருப்பதைத் தாய்-சேய் நல அட்டையிலேயே அச்சடிக்க வேண்டும்.

இனி நம்மைப் பற்றி. ஒவ்வொரு ஜூலை 23-லும் தாமிரபரணிக் கரையில் போய் நிற்கிறோம். 1999-ல் மாஞ்சோலைத் தொழிலாளிகளுக்காகக் கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போன ஊர்வலத்தைப் போலீஸ் ஆற்றுக்குள் அடித்து விரட்டியதில் 17 பேர் செத்தார்கள், கைப்பிள்ளை உட்பட. மறக்கக்கூடாது, மறக்கவும் இல்லை. ஆனால் தோழர்களே, ஆஸ்பத்திரி விசயத்தில் நாம் எப்போது கூடுகிறோம்? பிணம் வந்த பிறகு. அதுவரைக்கும் ‘அது அவ புருசன் பாத்துப்பான்’. பிணம் வந்தால் வேன் வருகிறது, மைக் வருகிறது, மறியல் நடக்கிறது, நிவாரணம் பேசப்படுகிறது. உயிரோடு ஒரு பெண் 21-வது வாரத்தில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நிற்கும்போது ஒரு தோழர் கூட வருவதில்லை. நான் மாவட்டக் கூட்டத்தில் இதைப் பேசினபோது ஒருவர் "அரசியல் பேசுங்க தோழர்" என்றார். எங்கள் வயிறு அரசியல் இல்லையாம்.

என் பங்கையும் மறைக்க விரும்பவில்லை. தங்கச்சியின் கடைசி எக்கோ காகிதத்தில் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. பிறந்தவுடன் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய வகைக் குறை. அந்த வசதி இருக்கிற இடத்தில்தான் பேறு நடக்க வேண்டும். எல்லாம் இங்கிலீஷில். அதை அவளுடைய அட்டையில் ஒருவரும் ஏற்றவில்லை. நானும் அலைச்சல் முடிந்தது என்று விட்டுவிட்டேன், அட்டையைப் பார்க்கவில்லை. 37-வது வாரம், ராத்திரி வலி. பக்கத்தில் எது இருந்ததோ அங்கே கொண்டு போனார்கள். அட்டையைப் பார்த்தவர்களுக்கு அது சாதாரணக் கேஸ். நல்ல சுகப்பிரசவம், பிள்ளை அழுதது, பால் குடித்தது. இரண்டாம் நாள் ராத்திரி உதடு நீலம் பாய்ந்தது. 108 வந்தது. விடியும்போது வண்டியிலேயே முடிந்துவிட்டது. பெண் பிள்ளை.

பிறகு ஒரு குழந்தை டாக்டரிடம் கேட்டேன், சரியான இடத்தில் பிறந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று. "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. பிழைச்சிருக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் இந்த நோட்டு ஆரம்பித்தோம். 80 பக்க நோட்டு, தெருவுக்கு ஒன்று. பேர், வாரம், ஸ்கேனில் என்ன சொன்னார்கள், எந்தப் பிரிவு, எந்தக் கிழமை, கூடப் போவது யார், பேறு எந்த ஆஸ்பத்திரியில், அட்டையில் ஏற்றியாச்சா. இப்போது நாலு தெருவில் நடக்கிறது. கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் ரிப்போர்ட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறார்கள். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், முக்கூடல் பக்கம் இருக்கிற மாணவத் தோழர்கள் தங்கள் தெருவில் ஆரம்பிப்பதாக இருந்தால், நாங்கள் சேர்த்து வைத்திருக்கிற பிரிவு, கிழமைப் பட்டியலை நகல் எடுத்துத் தருகிறோம். கிழமைகள் மாறும், மாதம் ஒருமுறை போய்ச் சரிபார்க்க வேண்டும்.

எங்கள் தெரு நோட்டை வைத்திருப்பது அந்தத் தங்கச்சிதான். பீடித் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். போன வாரம் ஒரு பெண் ஸ்கேன் காகிதத்தோடு வந்தபோது நான் அங்கே இருந்தேன். காகிதத்தை வாங்கிப் பார்க்கும் முன்னாலேயே கேட்டாள்: "மேல போச் சொன்னாவளா? எந்த டிபார்ட்மெண்டுன்னு எழுதி வாங்கினியா? இல்லையா? எந்திரி, இப்பவே போயி வாங்கிட்டு வருவோம்."